தாளும் காணியும்: அமெரிக்காவைப் பற்றி நாம் எழுதும் விதம்

2025 ஜனவரி 20ஆந் திகதி, பதவியேற்ற அன்றே, டொனால்ட் ட்ரம்ப் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். ஒரு பிள்ளை ஐக்கிய அமெரிக்க மண்ணில் பிறந்திருந்தாலும், தாய் அங்கு அனுமதியின்றியோ தற்காலிகமாகவோ தங்கியிருந்து, தந்தையும் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இல்லையெனில், அப்பிள்ளைக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பதே அதன் சாரம். கீழ் நீதிமன்றங்கள் அதனைத் தடுத்தன. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தடைகளின் வீச்சைக் குறுக்கியது. டிசம்பரில், ஆணை செல்லுமா செல்லாதா என்ற கேள்வியையே விசாரணைக்கு ஏற்றது.

இது பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை ஓரளவு தொடர்ந்து வாசித்தேன். பெரும்பாலானவை தாராளவாதப் பார்வையுடையவை. நியாயத்தின் பக்கம் நிற்பவை. 2017இல் முஸ்லிம் நாடுகளைக் குறிவைத்த பயணத்தடை வந்தபோதும் இத்தகைய எழுத்துகள் வந்தன, நாமும் எழுதினோம். அவற்றின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு விமர்சகனுக்குரிய கேள்வி வேறு. இவ்வெழுத்துகள் எதைக் காண்கின்றன, எந்த இடத்தில் பார்வையை நிறுத்திக்கொள்கின்றன?

அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒரு கொடிய ஆட்சியாளர் வருவார். ஓர் அரசியலமைப்பு அவரை எதிர்த்து நிற்கும். நீதிமன்றத்தில் முடிவு தெரியும். பிறப்பால் வரும் பிரஜாவுரிமையைப் பறிப்பது உலகில் எங்கும் நடவாத புதுமை என்ற தொனி ஊடே ஒலிக்கும். இத்தகைய கட்டுரையொன்றை ஹட்டனில் ஒரு தேநீர்க்கடையில் வைத்து, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க நானா. ஆனா இத நாங்க 1948லயே பாத்துட்டோமே. அத யாருமே சொல்லலியே?"

அவருடைய கேள்விதான் இக்குறிப்புக்குக் காரணம்.

*

முதலில் அமெரிக்கக் கதையைச் சற்றுச் சரியாகச் சொல்ல வேண்டும். 1857இல் ட்ரெட் ஸ்கொட் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், கறுப்பின மக்கள் அமெரிக்கப் பிரஜைகளாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பின்னர் 1868இல் வந்த 14ஆவது திருத்தமே அத்தீர்ப்பை அழித்தது. அம்மண்ணில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் எவரும் பிரஜையே என்றது அத்திருத்தம். சீனர்களை நாட்டுக்குள் விடாத 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குச் சென்று திரும்பியபோது கப்பலிலிருந்து இறங்க அனுமதிக்கப்படவில்லை. அவர் வழக்காடினார். 1898இல் அவர் பிரஜையே எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் அதே நாட்டின் ஆதிக்குடிகள் அனைவருக்கும் பிரஜாவுரிமை கிட்ட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே நம் கட்டுரையாளர்கள் காட்டுவதைப் போல அமெரிக்க அரசியலமைப்பு ஆதியிலிருந்தே எல்லோருக்கும் குடை பிடித்ததல்ல. இரத்தத்தாலும் வழக்காலும் பெறப்பட்ட குடை அது.

இனி நம் கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இம்மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்றது அச்சட்டம். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாயின் பிறப்பு கணக்கில் வராது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்த கூலிக்காரன் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கு போவான்? பிள்ளையின் உரிமையைப் பெற்றோரின் தாளில் தேடுவது என்ற கருத்து 2025இல் வொஷிங்டனில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கொழும்பில் அது ஒரு சட்டமாகவே இருந்தது. எழுதியவர்கள் கொடுங்கோலர்களும் அல்லர். மேற்கத்தியக் கல்வி கற்ற, பாராளுமன்ற நாகரிகம் தெரிந்த கனவான்கள்.

அடுத்த ஆண்டு வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். அதன் பெயரை நம் வாசகர்கள் ஒருமுறை நிதானித்து வாசிக்க வேண்டும்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கண்டியிலும் கடை வைத்திருந்த இந்தியச் சோனகரும் அப்பெயருக்குள் அடங்கியவர்களே. இதனை அவர்கள் கதை என்று ஒதுக்கிவைக்க நமக்கு உரிமையில்லை. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிட்டியது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே.

நீதிமன்றம் என்ன செய்தது? கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும் வழக்கில், சிவஞானசுந்தரம் என்ற திருத்த அதிகாரி, சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, பிரஜாவுரிமைச் சட்டமே செல்லாது என்று தீர்த்தார். 1951இல் நம் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் சட்டம் செல்லும் என்றது. தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான பணியே என்பது அதன் நியாயம். சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆகவே பாரபட்சமும் இல்லையாம். நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பி எழுதுபவர்கள் இத்தீர்ப்பை ஒருமுறை வாசிப்பது நல்லது.

*

இதனை நம் அரசியல் எழுத்து மறந்த அளவுக்கு நம் இலக்கியம் மறக்கவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். அவரைத் தெரிவு செய்த மக்களே பின்னர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். அவர் நூல்களுள் ஒன்றின் பெயர் 'நாடற்றவர் கதை'. நாவலொன்றின் பெயர் 'வீடற்றவன்'. இவ்விரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மலையகத்தின் அரசியல் முழுவதும் தெரியும் என்பேன். நாடு இல்லாமை ஒன்று; வீடு இல்லாமை மற்றொன்று. முதலாவது தீர்ந்தால் இரண்டாவது தானாகத் தீரும் என்று அவர் நம்பவில்லை என்பதையே அவ்விரு நூல்களும் தனித்தனியே எழுதப்பட்டமை உணர்த்துகிறது. தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டபோது அதிலிருந்த கசப்பையும் இங்கு நினைக்கலாம்.

நாடற்றவர் பிரச்சினை நீண்ட காலம் இழுபட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எவரிடமும் எங்கு போக விருப்பம் என்று முன்கூட்டிக் கேட்கவில்லை. 1947இல் நுவரெலியாவில் தெரிவான சௌமியமூர்த்தி தொண்டமான், நியமனமாக அன்றி மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை ஆயிற்று. 1986, 1988 சட்டங்களுக்குப் பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன் நாடற்றோர் என்ற நிலை சட்டப் புத்தகத்தில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. 1948இலிருந்து 55 ஆண்டுகள்!

தாராளவாதக் கதை இங்கே முடிந்துவிடுகிறது. தாள் கிடைத்தது, சுபம்.

*

ஹட்டன் நண்பர் அன்று இன்னொன்றும் சொன்னார்.

"தம்பி ஒரு வேலைக்குப் போட்டிருந்தான் நானா. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கெடந்திருக்கு. கைக்கு வந்தப்ப நாள் முடிஞ்சிருச்சு. பிரஜாவுரிமை இருக்கு, அடையாள அட்டை இருக்கு, வோட்டு இருக்கு. வீட்டுக்கு நம்பர் இல்ல."

எந்தத் தோட்டம் என்பது இங்கு முக்கியமல்ல. லயத்துக்கென்று தனி முகவரி இல்லாத நிலையில் கடிதம் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே வரும் என்பது மலையகத்தில் பலரும் அறிந்த குறை. முகவரி ஏன் இல்லை? காணி அவனுடையதல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் அவற்றில் உழைத்தவர்கள் காணி பெறுவோராகக் கருதப்படவில்லை. பல இடங்களில் இருந்த இடத்தையும் இழந்தனர். 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க முனைந்தபோது எதிர்த்த தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அவர் கேட்டது தாள் அல்ல, நிலம். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, வியர்வை மட்டும் தொழிலாளிக்கு.

இதைவிடக் கூர்மையான ஓர் உதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்த உறுப்பினர் தமக்கு வாக்களித்தவரின் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல் போட முடியாது. இது திருத்தப்பட்டது 2018இல். பிரஜாவுரிமை பெற்றும் குடிமகன் ஆகாத நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவின் கதையிலும் இதே இடம் உண்டு. நம் கட்டுரையாளர்கள் அங்கே செல்வதில்லை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கரையோரக் காணியைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின்னர் ஜனாதிபதியான அண்ட்ரூ ஜோன்சன் அதே ஆண்டிலேயே பெரும்பாலான காணியைப் பழைய சொந்தக்காரரிடம் திருப்பினார். மூன்றாண்டுகளில் 14ஆவது திருத்தம் வந்தது, பிரஜாவுரிமை வந்தது, காணி வரவில்லை. பழைய எசமானின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினர். நிலமற்றவனின் வாக்கு எளிதில் பறிக்கப்பட்டது. அதனை மீட்க 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. டபிள்யூ.ஈ.பி. டு பொய்ஸ் 1935இல் எழுதிய பெருநூலின் மையச் செய்திகளுள் இது ஒன்று. அமெரிக்காவிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இந்தப் பாடத்தையே.

*

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். தாளை அற்பமாகப் பேசுகிறீர்களே, அது இல்லாத நாட்களில் இம்மக்கள் பட்டதை மறந்தீர்களா என்று கேட்கலாம். கேள்வி சரியே. தாள் இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை, கடவுச்சீட்டு இல்லை, வாக்கு இல்லை. வாக்கு வந்த பிறகே 2018 திருத்தமும், 2015க்குப் பின் தனி வீட்டுக்கென ஏழு பேர்ச் காணி என்ற பேச்சும் சாத்தியமாயின. ட்ரம்பின் ஆணையை எதிர்ப்பவர்கள் முற்றிலும் சரியானதையே எதிர்க்கிறார்கள். அங்கே பிறக்கும் குழந்தையின் தாளுக்காக நாம் குரல் கொடுக்கவே வேண்டும்.

என் குறை அக்குரலின் நீளத்தைப் பற்றியது. அது கலிபோர்னியாவரை போகிறது, ஹட்டனுக்கு வரவில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியபோது நாம் எழுதினோம், எழுதியது சரியே. அதே சட்டம் இலங்கையிலிருந்து சென்றவர்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையக வம்சாவளியினரும் அவ்வாறு விடுபட்டனர் என்பதை நான் வாசித்த கட்டுரைகளுள் எதுவும் குறிப்பிடவில்லை. என் கட்டுரையும் குறிப்பிடவில்லை. இதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் மண்ணைச் சரித்தது. லயங்கள் புதைந்தன. இழந்த வீட்டுக்குப் பதில் வீடு, இழந்த காணிக்குப் பதில் காணி என்ற பேச்சு எழுந்தவுடன் பழைய கேள்வி மீண்டும் வந்து நின்றது. எவன் பெயரில் எந்தக் காணி இருந்தது? நான்கு தலைமுறை ஒரே காம்பராவில் பிறந்து இறந்தவன், தான் இழந்த இடம் தன்னுடையது என்று காட்ட ஓர் உறுதி இல்லாமல் நிற்கிறான். 1948இல் பூட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்டார்கள். இப்போது காணி உறுதியைக் கேட்கிறார்கள். கேட்கப்படும் தாள் மாறியிருக்கிறது, கேட்கப்படுபவன் மாறவில்லை.

அடுத்தமுறை நம்மில் ஒருவர் அமெரிக்காவைப் பற்றி எழுத அமரும்போது, எழுதட்டும், தாராளமாக எழுதட்டும். எழுதி முடித்த பக்கத்தை உறையிலிட்டு, மலைமேல் ஒரு லயத்தில் இருக்கும் வாசகருக்குத் தபாலில் சேர்க்க முயன்று பார்க்கட்டும். உறையின்மேல் என்ன முகவரி எழுதுவார்?