எச்சரிக்கையும் உரையாடலும்: மீரியபெத்த நிகழ்வும் தோட்டப் பாடசாலை அதிபரின் நிலையும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்திறங்கி லயன்களை மூடிற்று. அன்று புதன்கிழமை. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் எனச் செய்தி பரவியது. பின்னர் இறந்தோரும் காணாமற் போனோருமாக 37 பேர் என்று கணக்கு முடிந்தது. ஒரு தோட்டப் பிரிவில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதைத் திட்டமாகச் சொல்ல ஓர் அரசுக்குப் பல நாட்கள் தேவைப்பட்டமை தனியே ஆராயத்தக்க பொருளாகும்.

இந்நிகழ்வையொட்டி எழுந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கூற்றைச் சுற்றி நடந்தது. மக்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பதே அக்கூற்று. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதியின் அபாயத்தைச் சுட்டிக்காட்டி, குடியிருப்போர் அகற்றப்பட வேண்டும் என அறிவித்திருந்தது. மக்கள் தரப்பிலிருந்து வந்த மறுமொழியோ வேறு: போவதற்கு மாற்றுநிலம் எவரும் காட்டவில்லை. இரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும். எச்சரிக்கை ஒரு திசையிற் செல்வது. சொல்லியவுடன் சொன்னவரின் கடமை முடிந்துவிடுகின்றது. உரையாடலோ கேட்பவரின் முதற் கேள்வியோடுதான் தொடங்குகின்றது. ‘எங்கே போவது?’ என்ற அந்த முதற் கேள்வி ஒன்பது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. அதைக் கேட்டு, குறித்து, உரியவரிடம் கொண்டுசென்று, விடையோடு திரும்பிவரும் கடமை எவருக்கும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

தோட்டத்தில் அக்கடமைக்கு உரியவர் யார்? தோட்டத்துரை நிலத்தின் பொறுப்பாளர். லயனைக் காலிசெய்யச் சொல்பவர் வேறு வீடு தரவேண்டியவரும் ஆவார் என்பதால் அவர் பேச்சு ஒரு வரம்புக்கு மேற் செல்லாது. தொழிற்சங்கத் தலைவருக்குச் சந்தாவும் வாக்கும் குறுக்கே நிற்கின்றன. (மீரியபெத்த சரிவதற்கு ஐந்தரை வாரங்களுக்கு முன், 2014 செப்டெம்பர் 20இல், ஊவா மாகாணசபைத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது.) எஞ்சுவது பாடசாலை. மக்களின் மொழியிலேயே இயங்குவதும், ஏறத்தாழ ஒவ்வொரு லயன் வரிசையிலிருந்தும் யாரேனும் ஒருவர் நாள்தோறும் வந்துபோவதுமான அரச நிறுவனம் தோட்டத்தில் அது ஒன்றே. குடும்பத்தின் பெயரும் வயதும் அதன் இடாப்பில் இருக்கின்றன. எனினும் அதன் அதிபரைப் பேசவல்லவராகக் கல்விக் கொள்கை என்றேனும் கருதியதா என்பதே இங்கு எழுப்பவேண்டிய வினா.

வரலாறு இதற்கு நல்ல விடை தரவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. அதன் விளைவாகத் தோட்ட ஆசிரியர் துரையின் சம்பளப் பட்டியலில் ஒருவரானார். லயன் கூரை ஒழுகுகின்றது என்று துரையிடம் சொல்வதும் தம் வேலையைப் பணயம் வைப்பதும் அவருக்கு ஒன்றே. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே அவை அரசின் கீழ் வந்தன. சம்பளம் கொடுப்பவர் மாறினார்; பேச்சின் திசை மாறவில்லை. முன்னர்த் துரையின் பணியகத்திலிருந்து கீழே வந்த கட்டளை, பின்னர் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றுநிருபமாக வந்தது. மேலே செல்வதற்கென வகுக்கப்பட்டவை புள்ளிவிபரப் படிவங்களே.

1997ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் இதற்குத் தக்க சான்று. ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலை வரவு கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. விதி சிறந்தது, குறை காண்பதற்கில்லை. ஆயின் எட்டாந் தரத்தோடு மகளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பத் துணிந்த தாயிடம் விதியை வாசித்துக் காட்டுவதால் ஆவதென்ன? கடன், கணவனின் குடி, நாட்சம்பளம் யாவற்றையும் அவள் வாயாற் கேட்டபின் அன்றோ பேச்சே தொடங்கும்! அப்பேச்சுக்கு நேரமும் பயிற்சியும் அதிகாரமும் வேண்டும். 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 ஆசிரிய உதவியாளர் மலையகப் பாடசாலைகளுக்கென மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் நியமிக்கப்பட்டமையை நினைத்தால், கொள்கை வகுத்தோர் பாடசாலையின் குரலுக்கு இட்ட விலை புலனாகும்.

பிற நாட்டு நிகழ்வொன்றை ஒப்புநோக்குதல் பயன் தரும். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில், மலைமேற் குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு சரிந்து பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையை மூடியது; 116 பிள்ளைகளும் 28 பெரியோரும் மாண்டனர். ஏறத்தாழ இருபது மாதங்களுக்கு முன்னரே, பாடசாலையருகில் வெள்ளம் தேங்குவது குறித்துத் தாய்மார் எழுதிய முறைப்பாட்டுமனு தலைமையாசிரியை ஆன் ஜெனிங்ஸிடம் கையளிக்கப்பட்டது. அவர் அதனை உள்ளூராட்சி மன்றத்துக்குச் சேர்ப்பித்தார். 1963இலேயே மன்றத்தின் பொறியியலாளரும் கழிவுக்குவியலின் ஆபத்து பற்றிக் கடிதம் எழுதியிருந்தார். தேசிய நிலக்கரிச் சபை அசையவில்லை. இறந்தோருள் ஜெனிங்ஸும் ஒருவர். 1967இல் வெளிவந்த விசாரணை மன்ற அறிக்கை பழியைச் சபையின்மீதே சுமத்தியது.

தலைமையாசிரியை பேசியும் பிள்ளைகள் மாண்டனரே, ஆகவே அதிபர் பேசுவதால் என்ன பயன் என இவ்வுதாரணத்தைக் கொண்டே வாதிக்கலாம். அவ்வாதம் மேலோட்டமானது. அபர்வானில் மனு எழுதப்பட்டிருந்தது. யாரிடம் கொடுக்கப்பட்டது என்ற பதிவும் இருந்தது. எனவே ‘மக்கள் கேட்கவில்லை’ என்று எவராலும் தப்ப முடியவில்லை. மீரியபெத்தயில் பழி இன்றளவும் பாதியளவில் இறந்தவர்கள் மேலேயே கிடக்கின்றது. பேச்சுக்குப் பதிவில்லாத இடத்தில் வலியவரின் கூற்றே வரலாறாகிவிடும்.

அதிபரின் தலையில் மலையைச் சுமத்துவது நியாயமா என்ற ஐயமும் எழும். மண்ணைத் தாங்குதல் அவர் பணியன்று. புதுநிலம் அளிக்க அவருக்கு உரிமையுமில்லை. அவரிடம் எதிர்பார்க்கத்தக்கது சிறிது. பாடசாலைகளில் அனர்த்த ஒத்திகைகள் நடைபெறுவதுண்டு. மணியடித்தால் மைதானத்துக்கு ஓடப் பிள்ளைகள் பழகுகின்றனர். ஆனால் மீரியபெத்தயில் ஆபத்து இருந்த இடம் வகுப்பறை அன்று, லயன். பாடசாலை வேலிக்கு அப்பாலுள்ள ஆபத்தைப் பற்றிப் பெற்றோரைக் கூட்டிப் பேசவும், தோட்ட நிருவாகியையும் பிரதேச செயலாளரையும் அக்கூட்டத்துக்கு எழுத்தில் அழைக்கவும், அவர்கள் சொன்ன விடையைத் திகதியிட்டுப் பதியவும் ஓர் அதிபருக்கு வெளிப்படையான அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரமின்றிப் பேசும் அதிபர் துணிச்சற்காரர் எனப் புகழப்படுவார்; அடுத்த ஆண்டு இடமாற்றமும் பெறுவார். துணிச்சலை நம்பி வகுக்கப்படுவது கொள்கையாகாது.

சரிவுக்குப் பின் நிகழ்ந்தது இதிலும் விசித்திரமானது. மண் இறங்கிய மறுகணமே அரசுக்குப் பாடசாலையின் நினைவு வந்தது. கொஸ்லந்தை, பூணாகலைத் தமிழ்ப் பாடசாலைகள் முதற் புகலிடங்களாயின. வகுப்பறையிற் பாய் விரிந்தது. பெற்றோரை இழந்த பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது, எந்த வயதினருக்கு எவ்வளவு சொல்வது, எந்த நாளில் மீண்டும் பாடம் தொடங்குவது என்பன போன்ற கடினமான பேச்சுகள் யாவும் பயிற்சியற்ற ஆசிரியர் மீது விழுந்தன. குடும்பங்கள் பின்னர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கி, 2016இலேயே 75 புதுவீடுகளுக்குக் குடிபெயர்ந்தன.

2023 மார்ச்சில் பூணாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் மறுபடியும் சரிந்தது. இடம்பெயர்ந்தோர் மறுபடியும் பாடசாலையிலேயே தங்கவைக்கப்பட்டனர். பாய் விரிக்க அந்த மண்டபத்தின் கதவு இரவோடிரவாகத் திறக்கின்றது. மழைக்கு முன் அதே மண்டபத்தில் பெற்றோரையும் தோட்ட நிருவாகியையும் எதிரெதிரே அமர்த்திக் கூட்டம் நடத்தும் பொறுப்பு யாருடையது என்பதற்கு ஊவாவின் கல்வி அதிகாரிகள் எழுத்தில் விடை தர வேண்டியவர்களாகவே உள்ளனர்.