விதைநெல்லைச் சமைத்துவிடலாமா?

சங்கீதம் கற்பவர் வீட்டில் இரண்டு பொருள்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, ஸ்வரக் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகம். மற்றொன்று, அதே பாட்டை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிநாடா. நாடாதான் இருக்கிறதே என்று நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடுபவர் உண்டா? இல்லை என்பீர்கள். ஆனால் கணிப்பொறி இசையில் பலர் அதைத்தான் செய்தார்கள். இதை எழுதும் நானும் அவர்களில் ஒருவன்.

முதலில் பழைய இசைக் கோப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். 1983-ல் ‘மிடி’ என்னும் பொது முறை வெளியாயிற்று. மிடிக் கோப்பில் ஒலியே கிடையாது. கட்டளைகள் மட்டுமே உண்டு. எந்த வாத்தியத்தில், எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதை 3 பைட்டுகள் சொல்லிவிடும். எப்போது ஒலிக்க வேண்டும் என்பதும் உடன் குறிக்கப்பட்டிருக்கும். சுர எண் 69 என்றால் 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண். அமிகா கணிப்பொறிக்காக 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி உருவாக்கிய நிரலிலிருந்து பிறந்த ‘மாட்’ கோப்பு ஒருபடி மேலே சென்றது. அதில் சுர அட்டவணையோடு வாத்தியங்களின் சிறு ஒலி மாதிரிகளும் சேர்ந்தே இருக்கும்.

இனி, ஸ்ட்ரீமிங். கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வர வரக் கேட்பதும் பார்ப்பதும் இம்முறை. ரியல்ஆடியோ 1995-லும் ரியல்வீடியோ 1997-லும் வந்தன. பின்னர் ஃபிளாஷ் வீடியோ பரவியது. இவற்றில் பழைய இசையை ஏற்ற விரும்பியவர்கள் மிடியையும் மாட்டையும் ஒலியாக இயக்கி, அதைச் சுருக்கி, ஓர் அசையாப் படத்தை மேலே ஒட்டி வீடியோவாக்கினார்கள். இது சரியா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 3 நிமிடப் பாட்டில் 3,000 சுரங்கள் இருப்பதாகக் கொள்வோம். சுரத்தைத் தொடங்க, நிறுத்த, நேரம் குறிக்க எல்லாம் சேர்த்து 8 பைட் ஆகட்டும். மொத்தம் 24,000 பைட். வினாடிக்கு 28,800 பிட் அனுப்பிய அன்றைய மோடத்தில் இது 7 வினாடிக்குள் வந்துவிடும். அதே பாட்டை வினாடிக்கு 20,000 பிட் வீதம் ஸ்ட்ரீமிங் ஒலியாக்கினால் 4,50,000 பைட். ஏறத்தாழ 19 மடங்கு! படத்தின் சுமை தனி. குறுகிய குழாய்க்காகச் செய்த முறையில், அதைவிடச் சிறிய பொருளைப் பெரிதாக்கி அடைத்தார்கள் என்பது வெளிப்படை.

பெரிதானாலும் தரம் உயர்ந்ததா? அதுவும் இல்லை. வினாடிக்கு 8,000 முறை அளவெடுத்த ஒலியில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் தங்கா என்பது நைக்விஸ்ட் விதி. பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால்தான் அதில் ‘ஸ’வும் ‘ஃப’வும் குழம்பின. அதுபோலவே குறைந்த பிட் வீதத்தில் ஜால்ராவின் கணீர் ஒலி மங்கிவிடும். போதாக்குறைக்கு, ஒரு சுருக்க முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் பிழை கூடும். மிடிக் கோப்பையோ ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஒரு பிட்கூட மாறாது.

இங்கு ஒரு நியாயமான எதிர்வாதம் எழலாம். மிடி எல்லாக் கருவியிலும் ஒரேமாதிரி ஒலிப்பதில்லையே? உண்மைதான். 1987-ல் வெளியான ரோலண்ட் எம்டி-32 கருவிக்காக எழுதிய இசையை, 1991-ல் வந்த ‘ஜெனரல் மிடி’ கருவியில் போட்டால் வாத்தியங்களே மாறி ஒலிக்கும். அந்தக் கருவியின் அசல் ஒலியைப் பதிவு செய்து வைப்பது நல்ல தொண்டு; அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அது ஒரு கச்சேரியின் பதிவு மட்டுமே. பதிவை மூலம் என்று எண்ணுவதுதான் தவறு.

இந்தத் தவறின் விலை எனக்குத் தெரியும். 2008-ல், நான் மாணவனாக இருந்தபோது, என் நண்பர் மிடியில் எழுதிய பத்து மெட்டுகளை ஃபிளாஷ் வீடியோவாக மாற்றினேன். வட்டில் இடம் வேண்டுமென்று மூலக் கோப்புகளை அழித்தேன். அண்மையில் அவர் ஒரு மெட்டில் புல்லாங்குழலுக்குப் பதில் வயலின் வேண்டும் என்றார். ஜெனரல் மிடியில் அது ஒரே ஒரு பைட் வேலை: 73 என்பதை 40 ஆக்கினால் போதும். என்னிடம் இருந்ததோ எல்லா வாத்தியங்களும் கலந்த ஒரே அலை. “காலம் சற்றுக் குறையட்டும்” என்றார். பதிவை அப்படியே பாதி வேகத்தில் ஓட்டினால் அதிர்வெண்ணும் பாதியாகி, சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். நவீன நிரல்கள் இதைச் சரிக்கட்ட முயலும்; ஆனால் ஒலியின் தெளிவு கெடும். நண்பர் கோபிக்கவில்லை. “போகட்டும்ப்பா” என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. புதியது என்று நாம் நம்பிய வடிவமே முதலில் மூப்படைந்தது. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. அந்த வீடியோக்களைத் தனி நிரல்கள் கொண்டு இன்றும் திறக்கலாம். ஆனால் இணைய உலாவி அவற்றைத் தானாக இயக்காது. 1983-ன் மிடியோ இன்றும் இசைக்கூடங்களில் அன்றாடம் புழங்குகிறது. காரணம் எளிது. அதன் இலக்கணம் வெளிப்படையானது. எவரும் அதைப் படிக்கும் நிரல் எழுதலாம்.

ஆகவே மாணவ நண்பர்களே, பழைய இசைக் கோப்பு உங்கள் கைக்கு வந்தால் மூலத்தை முதலில் இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்பதை அருகில் குறித்து வையுங்கள். ஒலிப்பதிவு வேண்டுமானால், இழப்பில்லாத வடிவில் ஒன்று எடுங்கள். பிறர் கேட்க வேண்டுமானால் அதிலிருந்து வீடியோ செய்துகொள்ளலாம். விதைநெல் பத்திரமாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் சமைக்கலாம். சமைத்த சோற்றை விதைத்து யாரும் அறுவடை செய்ததில்லை.