பொதுவெளி ஒளிக்கலை: வடலூர் சோதி தரிசனத்தை முன்வைத்து

தெரு, சதுக்கம், ஆற்றங்கரை போன்ற பொது இடங்களில் ஒளியையே முதன்மைப் பொருளாகக் கொண்டு அமைக்கப்படும் படைப்புகள் பொதுவெளி ஒளிக்கலை எனப்படும். அலங்கார விளக்கு கண்ணைக் கவர்வதோடு நின்றுவிடும். ஒளிக்கலை பார்ப்பவரைச் சிந்திக்க வைக்கும். இவ்வேறுபாட்டை அறிய வடலூர் சத்திய ஞான சபை தக்க சான்றாகும். அன்பர்களுக்கு அது வழிபாடு, கலைப்படைப்பாக அமைக்கப்பட்டதன்று. ஆயினும் அங்கு ஒளி காட்டப்படும் முறையில் இன்றைய கலைஞர்கள் கற்க வேண்டியவை உள்ளன.

அமைப்பு

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் நிறுவிய எண்கோணச் சபையில் 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று முதல் சோதி தரிசனம் நடந்தது. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட, கண்ணாடி வழியே சுடர் தெரியும். திரைகள் ஆன்ம அறிவை மறைக்கும் சக்திகளைக் குறிக்கின்றன.

மதிப்பீடு

இங்கே ஒளி கூட்டப்படுவதில்லை, மறைப்பு குறைக்கப்படுகிறது. விளக்கு முன்பே எரிந்துகொண்டிருக்கிறது, காணாதிருந்தது நாமே என்ற எண்ணத்தைப் பேச்சின்றி உணர்த்துவதே இதன் சிறப்பு. 1867இல் தொடங்கிய தருமசாலையின் அணையா அடுப்பு அருகிலேயே எரிகிறது. பசித்தவருக்குச் சோறிடும் அந்த நெருப்பு இல்லையேல் சபையின் சுடர் வெறும் குறியீடாகச் சுருங்கியிருக்கும். தைப்பூச நெரிசலில் பலருக்குச் சில நொடிக் காட்சியே கிடைப்பதும், திரைகளின் பொருள் அறியாமலே பலர் திரும்புவதும் குறைகளே.

ஒப்பீடு

பெர்லின் சுவர் வீழ்ந்த 25ஆம் ஆண்டான 2014இல், சுவர் நின்ற தடத்தில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 8,000 ஒளிரும் பலூன்கள் நிறுத்தப்பட்டு, நவம்பர் 9 இரவு பறக்கவிடப்பட்டன. அங்கும் தடை விலகுவதே படைப்பின் பொருள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தோர் நினைவாக 88 விளக்குகள் வானோக்கிப் பாய்ச்சப்படுகின்றன. வலசைப் பறவைகள் அவ்வொளியில் சிக்கித் தவிப்பதால் இடையிடையே விளக்குகள் அணைக்கப்படுகின்றன. வள்ளலார் வலியுறுத்திய சீவகாருண்யம் ஒளிக்கலைக்கும் அளவுகோலாக வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

தமிழகச் சூழல்

காவேரிப்பட்டினம் போன்ற ஊர்களில் திருவிழாவுக்குக் கட்டப்படும் சீரியல் விளக்குகள் விழா முடிந்ததும் இறக்கப்படும்; ஊர் மகிழ்ச்சிக்கு அவை வேண்டியவையே. ஆனால் மேம்பாலத் தூண்களிலும் பூங்காக்களிலும் ஆண்டு முழுவதும் நிறம் மாறும் விளக்குகள் எதை நினைவூட்டுகின்றன? கைப்பேசிப் படத்துக்குப் பின்னணியாவதைத் தவிர அவற்றுக்கு வேறு பயன் இல்லை.

2024இல் வடலூர்ப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டும் பணிக்கு எதிர்ப்பு எழுந்தது. எத்தனை பேர் திரண்டாலும் தடையின்றிச் சோதியைக் காண்பதற்கான இடம் அது என்பதே எதிர்த்தவர்களின் வாதம். அந்த வாதம் ஒளிக்கலைக்கும் பொருந்தும். சுடரைப் போலவே அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் இருளும் படைப்பின் உறுப்புகள். அவற்றை நிரப்பிவிட்டால் விளக்கு எஞ்சும், தரிசனம் எஞ்சாது.