ஒரு வரியை வாசித்தல்

வருமான வரிச் சட்டத்தை யாரும் பிரதியாக வைத்து வாசிப்பதில்லை. வாசிச்சாகணும் தோழர்களே. நம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று.

1961ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 10, உட்பிரிவு 16. படிப்புச் செலவுக்காகத் தரப்படும் ஸ்காலர்ஷிப் மொத்த வருமானத்தில் சேராது. அவ்வளவுதான், ஒத்தை வரி. தொகை எவ்வளவு, கொடுத்தது யார், வாங்கியவன் என்ன சாதி, அப்பன் சம்பாத்தியம் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. 2025இல் நிறைவேறிய புதுச் சட்டமும் இந்த விலக்கைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும்தான் விலக்கு. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போகிற பணம் வரிக்குள் வரும். நம்மூர் வரி சோத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. நல்ல வரிதான்.

என் சண்டை இதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டிய இன்னொரு பிரதியோடு. தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்றிதழ். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று 2013இல் வைத்தார்கள். 2021இல் விதிகளைத் திருத்தினபோதும் அந்தக் கோடு அசையவில்லை. ஆனால் 2019இல் முற்பட்ட சாதி ஏழைக்கு 10 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தபோது ஏழ்மையின் அளவு 8 லட்சம்! 2025 பட்ஜெட்டிலோ, புதிய வரி முறையில் 12 லட்சம் வரைக்கும் வருமான வரியே கட்ட வேண்டாம். 'வருமானம்' என்ற ஒரே சொல்லுக்கு ஒரே அரசு வைத்திருக்கும் அர்த்தங்கள் இவை.

சொல்லையும் பாருங்கள். ஸ்காலர் என்றால் அறிஞன். தமிழில் அதை 'உதவி' ஆக்கிவிட்டோம், பிச்சைப் பாத்திரம் ஒன்றையும் சேர்த்து. நான் படித்த கல்லூரியில் குமாஸ்தா எங்களை 'ஸ்காலர்ஷிப் கேஸு' என்றுதான் கூப்பிடுவார். பணம் வருவது பரீட்சை முடிந்த பிறகு. அதுவரைக்கும் அம்மா கம்மல் அடகுக் கடையில்.

அம்பேத்கருக்கு 1913இல் பரோடா சமஸ்தானம் மாதம் 11.5 பவுன் கொடுத்தது. படித்து முடித்துப் பத்து வருஷம் அங்கே வேலை செய்ய வேண்டும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டது. உதவியா, முன்கூலியா? 1917இல் வேலைக்கு வந்தவருக்கு அந்த ஊரில் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை.

பசியை எழுதினோம், ஹாஸ்டலை எழுதினோம். இந்தப் பாரங்களைப் போதுமான அளவு எழுதவில்லை என்பது நம் தன்வரலாறுகள் மீது என் குறை. மாசம் 22,000 வாங்குகிற ஒரு துப்புரவுத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2.64 லட்சம். வரி ஆபீஸ் கணக்கில் அவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஸ்காலர்ஷிப் பாரத்திலோ 14,000 ரூபாய் கூட வருகிறது. அந்த 14,000த்துக்காக மகளின் விண்ணப்பம் திரும்பி வருகிறது.