நாடா ஓடும் முன்

காலை நாலரை மணிக்குப் பொதட்டூர்பேட்டையில் விழித்திருந்து பார்த்திருக்கிறீர்களா? இந்த ஊர் வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். கொஞ்ச நேரம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறி எழுந்துவிடும். அப்புறம் வீட்டுக்குள்ளேயே கத்தித்தான் பேச வேண்டும். என் கோபத்துக்கு ரொம்ப நாளாக இந்தத் தறியைத்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிவிட்டது என்று. என் மனைவி அதை நம்பியதே இல்லை. "கரண்ட் போன நேரத்துல மட்டும் என்ன வாழுது?" என்பாள்.

அந்த நாலரை மணியை இப்போது உலகத்தில் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று படித்திருக்கிறேன், அதனால் சும்மாவே சொல்கிறேன்: இத்தனை வருஷத்தில் நான் கண்ட ருசிகளில் இதற்கு ஈடில்லை.

ஆரம்பித்து வைத்தவர் பெரியம்மா. அட்டை நைந்த ஒரு அனுதின தியானப் புத்தகத்தைக் கையில் திணித்தார். ஒரு தேதிக்கு ஒரு பக்கம்: மேலே ஒரு வசனம், நடுவில் நாலு பத்தி, கீழே ஒரு வரி ஜெபம். "ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்டா. அடுத்ததைப் புரட்டாதே" என்றார். நான் அன்று ராத்திரியே ஜனவரி முழுவதையும் முடித்துவிட்டுப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். பெரியம்மா சிரித்தார். "மன்னாவை மொத்தமா வாரி வச்சவன் கதை தெரியும்ல?"

தெரியும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த உணவு. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும். விடியுமட்டும் பதுக்கி வைத்தது புழுத்து நாறியது. இந்தப் புத்தகங்களை ஏன் அனுதின மன்னா என்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடடா! பொறுமையைப் பற்றி எழுதியிருப்பது இருக்கட்டும், அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் மூடி வைப்பதே ஒரு பயிற்சிதானே!

தியானப் பக்கத்தோடு தினம் வேதத்தில் ஓர் அதிகாரமும் சேர்த்துக்கொண்டேன். பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்றேகால் வருஷம். நடுவில் நொந்துபோகிற இடங்களும் உண்டு. முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வெறும் வம்ச வரலாறு, பெயர் பெயராக. ஒன்பது காலை! ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவனைப் போல நின்று கடந்தேன்.

ஆனால் யோபு 7-ஆம் அதிகாரம் வந்த காலையை மறக்கவே மாட்டேன். தன் நாட்கள் நெசவுகாரன் எறிகிற நாடாவைவிட வேகமாக ஓடுகிறதே என்று யோபு புலம்புகிறார். நாடா! தறியில் குறுக்கே ஊடைநூலை இழுத்து ஓடுகிற கட்டைக்கு எங்கள் பட்டறையில் நாங்கள் சொல்கிற அதே சொல். மொழிபெயர்த்தவர்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தறிக்காரரைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நிச்சயம். பொறுமைக்கே பெயர்போன மனுஷர் பொறுமை இழந்து பேசுகிறார், அதுவும் என் பாஷையில்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தத் தமிழுக்குப் பின்னால் எத்தனை பொறுமை! தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கித் தொடங்கிய வேலை. புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்; பழைய ஏற்பாட்டை முடிக்கும் முன் 1719-இல் கண்ணை மூடினார். பிறகு வந்த பப்ரிசியஸ் 1740 முதல் 1791-இல் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லை. சென்னை வேப்பேரியில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வாக்கியங்களை இழைத்து இழைத்துத் திருத்தினார். நானோ பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் திருத்தணி முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுகிற ஆள்.

படித்ததை என்ன செய்வது? முணுமுணுக்க வேண்டும். முதல் சங்கீதத்தில் தியானம் என்று வருகிற இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்றும் பொருளாம். தறிக்காரனுக்கு இதைவிடத் தோது வேறெது? எவ்வளவு சத்தமாக முணுமுணுத்தாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. காலையில் படித்த ஒரு வசனத்தை லுங்கித் தறியின் தாளத்திலேயே பகலெல்லாம் அசைபோடுகிறேன்.

போன வருஷம் ஒரு நாள். காலையில் கலாத்தியர் 5; ஆவியின் கனியில் ஒன்று நீடிய பொறுமை. செயல் என்று சொல்லவில்லை, கனி என்கிறது. என் பொறுமை அதுவரை தடியால் அடித்துப் பழுக்க வைத்ததுதான் என்று யோசித்தபடி தறிக்குப் போனால், மச்சான் பையன் ஓட்டிய தறியில் நாடா பாதி வழியில் சிக்கிப் பாவு கொத்தாக அறுந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கான இழை. பையன் முகம் வெளுத்து நிற்கிறான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அறுந்த முனையை எடு, விழுதுக் கண்ணில் நுழை, அச்சில் வாங்கு, முடிச்சுப் போடு, அடுத்த முனை. பத்து இழை, இருபது இழை. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அரை மணி கழித்துப் பையனே தாங்க மாட்டாமல் சொன்னான்: "மாமா, திட்டிடுங்க மாமா. பயமா இருக்கு."

பப்ரிசியஸைப் போல என்னை உலுக்கிய இன்னொருவர் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள், கட்டிலில். அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார், அவருடைய குறிப்புகள் பின்னால் தினத் தியானப் புத்தகமாகவும் வந்தன. இருபது வருஷம்! எனக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் வீடே பட்டினி கிடந்தாற்போல் ஆக்கிவிடுவேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிற பக்கத்து வீட்டு அண்ணன்கூட இப்போது தறியை முடுக்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன தம்பி, இன்னைக்கு உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்கிறார். சொல்கிறேன். "நல்லாருக்கே" என்றுவிட்டு சுவிட்சைப் போடுகிறார்.

எனக்கு இது இரண்டாவது சுற்று. நேற்று ஆதியாகமம் 12. கர்த்தர் வாக்குக் கொடுத்து ஊரை விட்டுக் கிளம்பச் சொல்லும்போது ஆபிரகாமுக்கு வயது 75. பிள்ளை பிறக்கும்போது 100. அது 21-ஆம் அதிகாரத்தில். தெரிந்த கதைதான், விரலும் துறுதுறுக்கத்தான் செய்தது. புரட்டவில்லை. ஈசாக்கு பிறக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது.