கச்சான் காற்றும் குருலேத்துவும்

ஊவாவின் பதுளையில் சட்டி பானை விற்கும் கடைகளில் கழுத்து நீண்டு வயிறு பருத்த மண் கூஜா ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் குருலேத்துவ என்பார்கள். வாங்குகிறவர்களில் பலர் அதை வரவேற்பறை அலுமாரிக்குள் கண்ணாடி போட்டு வைத்துவிடுகிறார்கள். காற்றுப் படாத குருலேத்துவ வெறும் மண். அழகாக இருந்தால் போதும், வேலை வேண்டாம் என்று அதற்குத் தண்டனை கொடுப்பது போலத்தான் அது.

அதன் வேலை மிக எளிது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறம் வியர்க்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 5 லீட்டரில் 100 மில்லிலீட்டர் ஆவியானாலே மீதி நீர் கணக்குப்படி 10 பாகைக்கு மேல் குளிர வேண்டும். வெளிச் சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால் அவ்வளவும் நமக்குக் கிடைக்காது.

ஆக, இதில் பாதி வேலை குயவருடையது, மறுபாதி காற்றினுடையது. அந்தக் காற்று ஊவாக்காரருக்கு வாய்த்திருக்கிறது. தென்மேல் பருவத்தில் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கும் கச்சான், ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் உலர்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற வாசனை ஏறுவதும் இதே காற்றில்தான். 2,036 மீட்டர் உயர நமுனுகுலவின் அடிவாரத் தோட்டங்களில் கொழுந்து மணக்கும் நாட்களே குருலேத்துவைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நாட்கள். வெல்லவாய வரை கீழே இறங்க இறங்கச் சூடு கூடும். அங்கே அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். வடகீழ்ப் பருவ மழையில் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். காற்றே ஈரமாக இருக்கும்போது பானை வியர்க்கும், ஆனால் குளிராது. அந்த மாதங்களில் கவிழ்த்துக் காயவைப்பதே நல்லது.

வாங்கும்போது விரல் மடக்கித் தட்டுங்கள். 'ணங்' என்றால் நன்றாக வெந்தது. ஓசை செத்து விழுந்தால் எங்கோ கீறல். வார்னிஷோ பெயின்றோ பூசியதைத் தொடவே வேண்டாம், துளைகள் அடைபட்டுப் போயிருக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு பீலித் தண்ணீரை நிரப்பி, நிழலான சன்னலோரம், ஒரு தட்டில் மணல் பரப்பி வையுங்கள்.

தண்ணீர் பாதியளவு தீர்ந்த பிறகு போய்ப் பாருங்கள். வயிற்றில் ஒரு கோடு தெரியும்: கீழே கறுத்த சிவப்பு, மேலே வெளிறிய சிவப்பு. ஏறத்தாழ உள்ளே நீர் நிற்கும் மட்டம் அது. மூடியைத் திறக்காமலே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். புறங்கையை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் வைத்துப் பாருங்கள். எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான், குடிப்பதைவிட.

குடிப்பது அண்ணாந்துதான். ஸ்பெயினில் வயல்காரர்கள் கொண்டுபோகும் 'போத்திஹோ' என்ற மண் கூஜாவுக்கும் அதே வழக்கம். நிரப்ப அகன்ற வாய் ஒன்று, குடிக்க ஒல்லியான மூக்கு ஒன்று, மேலே தூக்கிப் பிடிக்க ஒரு வளையம். உதடு படாது, கூட்டமாக வேலை செய்யும் இடத்தில் ஒரே கூஜா எல்லோருக்கும் ஆகும். பார்சிலோனா அருகே அர்ஜென்தோனாவில் இதற்கென்று ஒரு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் மூக்கு வைத்த கெண்டி உண்டு. ஆனால் குளிர்ச்சிக்கு என் வாக்கு குருலேத்துவுக்கே: வயிறு அகலம் என்பதால் ஆவியாக இடம் நிறைய, கழுத்து ஒடுக்கம் என்பதால் தூசியும் சூடும் உள்ளே போக வழி குறைவு.

பிரிட்ஜ் தண்ணீரின் கூர்மையை இதில் தேடாதீர்கள். பல் கூசாது, தொண்டை பிடிக்காது, லேசாக மண் மணக்கும். அந்த மணம் சில மாதங்களில் போய்விடும், குளிர்ச்சி போகாது. கிணற்றுத் தண்ணீர் கடினமான ஊர்களில் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும். தும்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துவிடுங்கள். சவர்க்காரம் மட்டும் போடாதீர்கள். மண் அதைக் குடித்துவிட்டால் பிறகு ஒவ்வொரு மிடறிலும் அதுதான் வரும்.