முதல் பத்து நிமிடம்

விளையாட்டு ஸ்மார்ட்வாட்ச் வாங்கியவர்கள் துடிப்பு எண்ணும் பச்சை வெளிச்சத்தைக் காட்டி மகிழ்வார்கள். நான் ரசிப்பது, பெட்டியைப் பிரித்ததும் செயலி நம்மோடு பேசும் முதல் பத்து நிமிடத்தை.

கருங்குழியில் விடியற்காலை ஓடக் கிளம்புகிற ஒருவரிடம் அது வயதைக் கேட்கிறது. ஏன் என்றும் சொன்னால் மரியாதை: 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிப்பது பழைய வழக்கம். அடுத்து வரும் இருப்பிட அனுமதிதான் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத்தில் வாட்ச்சைத் தேடவே அது வேண்டியிருந்தது. "வாட்ச்சை இணைக்க நான் எங்க இருக்கேன்னு இதுக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி! 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இரண்டையும் பிரித்துவிட்டது. இப்போது நல்ல செயலி, 'ஓட்டம்' பொத்தானைத் தொடும்வரை இருப்பிடம் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்தப் பக்குவம் சோதனையில் வருவது. ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐவரில் கருங்குழியில் ஜிஎஸ்டி சாலை டீக்கடையில் நிற்பவரும் ஒருவராக இருக்கட்டும், ஐவரும் சென்னை அலுவலகத்து ஆட்களாக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுக்காமல், கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு அதுதான் கஷ்டம். "அதைத் தொடுங்கண்ணே" என்று வாய் முந்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த வரி கடைசித் திரையில் வருவது: வெளியே வந்து, வானம் தெரிகிற இடத்தில் சற்று நில்லுங்கள், ஜிபிஎஸ் பிடிக்கட்டும்.